காத்து வாங்கின கடை

கத்திரி வெயில் தொடங்கின அன்றைக்கு, தார் ரோடு இளகிச் செருப்பைப் பிடித்து இழுக்கிற நேரத்தில், மெயின் ரோட்டிலிருந்து ஊருக்குப் பிரிகிற ஆவாரங்குளம் விலக்கில் லிங்கத்துரையின் மோட்டார் சைக்கிள் பின்டயரில் ஒரு ஆணி ஏறியது. ஆணி ஏறினால் ஊர் உலகத்து டயரெல்லாம் என்ன செய்யுமோ அதைத்தான் அந்த டயரும் செய்தது, உஸ்ஸென்று காத்தை விட்டது. ஆனால் மற்ற டயர்கள் காத்தை விட்டுவிட்டுச் சப்பென்று தரையோடு உட்கார்ந்துகொள்ளும், இது உட்காரவில்லை. காலையில் விட ஆரம்பித்தது, மத்தியானமும் விட்டது, பொழுது சாய்கிற நேரத்திலும் விட்டது, மறுநாள் ஊர் பல் விளக்கிக்கொண்டே வந்து பார்த்தபோதும் விட்டுக்கொண்டிருந்தது, டயரோ கல்லு மாதிரி நின்றது. அதுவும் ரப்பர் வாடையடிக்கிற சூட்டுக் காத்து இல்லை; ஆனி ஆடியில் குத்தாலத்துக்குப் போகிறவர்கள் தென்காசி தாண்டினதும் பஸ் ஜன்னலில் முகத்தை நீட்டி வாங்குவார்களே, அந்தக் காத்து, கொஞ்சம் சாரலும் கலந்து.

எப்படி என்று ஊரில் ஒருத்தரும் கேட்கவில்லை. வேகாத வெயிலில் காத்து வந்தால் மனுஷன் சட்டைப் பித்தானைக் கழற்றி வாங்கிக்கொள்வானா, எங்கேயிருந்து வருகிறாய் என்று விலாசம் கேட்டுக்கொண்டிருப்பானா?

கேட்டிருக்க வேண்டியவன் லிங்கத்துரை. அவனுக்கு அந்த விலக்கில் மிக்சி, கிரைண்டர், ஃபேன் ரிப்பேர் பார்க்கிற கடை. ஒரு பொருளைத் தூக்கிப் போடுவது என்பது அவன் ரத்தத்திலேயே கிடையாது. செத்த மிக்சியை எழுப்பி உட்கார வைப்பான், ஓடாத ஃபேனுக்குக் காயில் கட்டி ஓட விடுவான், குடைக்கு சைக்கிள் கம்பி, குடத்துக்கு ஈயம், செருப்புக்கு ஆணி, மூக்குக் கண்ணாடிக்கு நூல் என்று அவன் வீட்டில் ஒட்டுப் போடாத பொருள் அவன் பொண்டாட்டி தங்கப்புஷ்பம் ஒருத்திதான். அவன் வண்டி டயர் தேய்ந்து மொட்டையாகி வருஷக்கணக்காகிவிட்டது. எதிரே பஞ்சர் கடை வைத்திருக்கிற மீரான் ஒவ்வொரு தடவை ஒட்டுப் போடும்போதும் மாத்திருங்க அண்ணாச்சி, மாத்திருங்க அண்ணாச்சி என்று சொல்லிச் சொல்லி ஓய்ந்து, கடைசியில் இது டயரே இல்லை, நான் போட்ட ஒட்டுதான், நடுநடுவே கொஞ்சம் டயரும் கிடக்கு என்று சொல்லிவிட்டான். மாத்துறதுக்கு எதுக்குவே மூளை, காசிருந்தா கழுதையும் மாத்தும் என்பது லிங்கத்துரையின் பதில்.

அந்த மொட்டை டயர்தான் குடும்பத்தைக் கெடுத்தது. தங்கப்புஷ்பத்தின் தம்பிக்குப் பெண் பேசி முடித்து, பூ வைக்கிற விசேஷம். மாப்பிள்ளைக்கு உடன்பிறந்தவள் அவள் ஒருத்தி. பெண்ணின் தலையில் பூ வைக்க வேண்டிய கை அவள் கை. பட்டுச் சேலையும் மடியில் பூப் பொட்டலமுமாக அவள் பின்னால் உட்கார்ந்து போகையில், ஆளரவமில்லாத கரிசல் காட்டு ரோட்டில், போன வாரம் போட்ட ஒட்டு பிய்த்துக்கொண்டது. பஸ்ஸும் இல்லை, பஞ்சர் கடையும் இல்லை. போய்ச் சேருகையில் நல்ல நேரம் முடிந்து, சித்தி மகள் ஒருத்தி பூ வைத்து, போட்டோவும் எடுத்து, பந்தியில் பாயசம் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். தங்கப்புஷ்பம் அழவில்லை, கத்தவில்லை. சாப்பிட்டு முடித்துப் புருஷன் வண்டியைத் திருப்பினபோது வாசலில் நின்றுகொண்டு ஒரே பேச்சுத்தான் பேசினாள்.

"நான் எங்க அம்மா வீட்டுக்குப் போறேன். புது டயர் மாட்டி, அந்த வண்டியில வந்து கூப்பிடுங்க, வாரேன். ஒட்டுப் போட்ட டயர்ல வந்தீங்கன்னா வந்த வழியே திரும்பிப் போயிருங்க."

ஒரு டயருக்குப் பயந்து கொள்கையை விடுவதா என்று லிங்கத்துரைக்கு ரோஷம் வந்துவிட்டது. அவளாக வரட்டும் என்று அவனும், அவராக வரட்டும் என்று அவளும் வீம்பு பிடித்து, அவன் பொங்கின சோற்றை அவனே தின்றுகொண்டிருந்த நாளில்தான் இந்த ஆணி ஏறியது.

ஏறின உடனே அவன் மீரானைக் கூப்பிட்டான். மீரான் குனிந்து, விரலில் எச்சில் தொட்டு ஆணிப் பக்கம் வைத்தான். எச்சில் பறந்து அவன் மூஞ்சியிலேயே அடித்தது. இவ்வளவு காத்து வந்தும் டயர் அமுங்கலையே என்று அவன் டயரை அமுக்கிப் பார்த்துவிட்டு, நமக்கென்ன என்று குறடு ஒன்றை எடுத்து ஆணியைப் பிடிக்கப் போனான். அதற்குள் பஸ்ஸுக்கு நின்றவர்கள், பரோட்டாக் கடையில் மாவு பிசைந்தவன், கோழிக் கடைக்காரன், வெள்ளரிக்காய் விற்கிறவள் எல்லாரும் காத்து வருகிற திக்கில் வந்து நின்று கண்ணை மூடிக்கொண்டிருந்தார்கள். யாரோ ஒருத்தர், கண்ணைத் திறக்காமலே, கொஞ்ச நேரம் இருக்கட்டுமேப்பா என்றார். மீரானும் அங்கேயே நின்று கண்ணை மூடிக்கொண்டான். அந்தக் கொஞ்ச நேரம்தான் கத்திரி முழுக்க நீண்டது.

முதலில் தரையில் உட்கார்ந்தார்கள், அப்புறம் வீட்டிலிருந்து பிளாஸ்டிக் சேர் வந்தது, சேர் வந்ததும் சண்டை வந்தது. யார் முன்னால், யார் பின்னால், முன்னால் உட்காருகிறவன் காத்தை மறைக்கலாமா, அவன் வேர்வை நாத்தம் பின்னால் இருக்கிறவனுக்கு வரலாமா என்று பேச்சு வளர்ந்து, ஊர்க்கூட்டம் போட்டு, தெருவுக்கு ஒரு வரிசை என்று தீர்மானமானது. மேலத்தெருக்காரர்கள் கீழத்தெருக்காரர்களுக்குப் பின்னால் உட்கார மாட்டோம் என்றார்கள்; காத்து முன்னாலிருந்துதான் பின்னால் வரும், அதைத் திருப்பி விட முடியாது என்று சொன்னதும், சரி, காத்துக்காகத்தான் பொறுத்துக்கொள்கிறோம், மனசால் நாங்கள் முன்னால்தான் இருக்கிறோம் என்று உட்கார்ந்தார்கள். வேர்க்குரு பிடித்த கைப்பிள்ளைகளைக் கொண்டு வந்து காட்டினார்கள், ஆறிப் போயிற்று. வடகம் பிழிந்து காயப் போட்டார்கள், சேலை அலசிக் கட்டினார்கள். உளுந்து அடித்துப்போட்டுக் காத்தில்லாமல் களத்தில் முழித்துக்கொண்டிருந்தவர்கள் சாக்கோடு வந்து, காத்துள்ள போதே தூத்திக்கோ என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள் என்று, சொளகைத் தூக்கித் தூத்தினார்கள். தூசியெல்லாம் லிங்கத்துரை கடைக்குள்ளே போய் விழுந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை யாரோ மட்கார்டில் மஞ்சள் துணியைக் கட்டி, ஆணித் தலையில் குங்குமம் வைத்துவிட்டார்கள். காத்தடித்துக் குங்குமம் நிற்கவில்லை என்பதால் சாமி சாந்தமான சாமி, அலங்காரம் பிடிக்காது என்று முடிவு கட்டினார்கள். சைலன்சரில் எலுமிச்சம்பழம் சொருகினார்கள். உள்ளூர்க்காரர்கள் போதாதென்று, பக்கத்து ஊர்க்காரர்கள் ஷேர் ஆட்டோ பிடித்துக் காத்து வாங்க வந்தார்கள்.

காத்து வாங்க வந்தவர்கள் வேறு ஒன்றும் வாங்கவில்லை. இந்தக் காத்து இருக்கையில் எவன் ஃபேனுக்குக் காயில் கட்டுவான்? ரிப்பேருக்குக் கொடுத்ததையே திருப்பி வாங்க ஆளில்லை. கடை வாசலில் தேர்க் கூட்டம், கடைக்குள்ளே ஈயோட்டவும் ஆளில்லை. நாலு ஊருக்கு இவ்வளவு காத்து கொடுக்கிறவன் கடை இப்படிக் காத்து வாங்குகிறதே என்று கோழிக் கடைக்காரன் சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள், லிங்கத்துரையும் வேறு வழியில்லாமல் சிரித்தான்.

சிரித்துவிட்டு வீட்டுக்குப் போனால் வீடு பல்லைக் காட்டியது. அடுப்பில் அவன் வடித்த சோறு குழைந்து கிடக்கும். ரசம் வைத்தால் புளித் தண்ணியாக வரும். கொடியில் அவளுடைய பழைய சேலை ஒன்று தொங்கியது, அதை மடித்து வைக்கவும் மனசில்லை, பார்த்துக்கொண்டிருக்கவும் முடியவில்லை. போன் போட்டால் மாமியார்தான் எடுத்தாள். டயர் வாங்கியாச்சா மாப்பிள்ளை என்று அவளும் அதையே கேட்டாள். ஊருக்கெல்லாம் குளுந்தது, அவன் ஒருத்தனுக்கு மட்டும் நெஞ்சு காந்தியது. அவள் இல்லாமல் முடியவில்லை, அவ்வளவுதான் விஷயம்.

ஒருநாள் மத்தியானம், சாப்பிட்ட மயக்கத்தில் ஊரே சேரில் வாயைப் பிளந்து தூங்குகிற நேரமாகப் பார்த்து, அவன் மீரான் கடையிலிருந்து குறடும் ஒட்டுப் போடுகிற ஊசியும் எடுத்துக்கொண்டு மெல்லப் போய் வண்டிக்குப் பக்கத்தில் குத்த வைத்தான். ஒட்டைப் போட்டு, வண்டியை ஓட்டிக்கொண்டு போய், அவள் காலில் விழுந்தாவது கூட்டி வந்துவிடுவது என்று யோசனை. அவன் நிழல் காத்தை மறைத்ததும் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் முழித்துக்கொண்டார்கள். என்ன காரியம் செய்யப் பார்த்தீங்க அண்ணாச்சி, உங்களை நம்பித்தானே கண்ணசந்தோம் என்று ஆளாளுக்கு அங்கலாய்த்தார்கள். வண்டி என்னுடையது என்றான் லிங்கத்துரை. வண்டி உங்களுடையதுதான், இல்லையென்று யார் சொன்னது, காத்து ஊருடையது என்றார்கள்.

பஞ்சாயத்துத் தலைவர் ராசபாண்டி வந்தார். ஓட்டு வாங்கி ஜெயித்துத் தலைவியானது அவர் பொண்டாட்டி அன்னலட்சுமி. சட்டை மடிப்புக் கலையாமல் தலைவராகத் திரிவது அவர். இனிமேல் இப்படி நடக்கக் கூடாது, ஊர்க் கட்டுப்பாடாக ஒரு ஃபிளக்ஸ் போர்டு வைத்துவிடுவோம் என்று, கோவில்பட்டியில் தெரிந்த கடைக்குப் போன் போட்டு, 'ஆவாரங்குளம் விலக்கில் யாரும் ஒட்டு போடக் கூடாது, இப்படிக்கு ஊர்ப் பொதுமக்கள்' என்று எழுதச் சொன்னார். அதுவோ எலெக்‌ஷன் நேரம். ஃபிளக்ஸ் கடைக்காரன் விவரமானவன். இந்தப் பட்டிக்காட்டு ஆட்களுக்கு ஒட்டுக்கும் ஓட்டுக்கும் வித்தியாசம் தெரியாது என்று கரிசனப்பட்டு, தானே ஒரு சுழி சேர்த்துத் திருத்தி, கறுப்புப் பின்னணியில் சிவப்பு எழுத்தில் அடித்துக் கொடுத்துவிட்டான். 'யாரும் ஓட்டு போடக் கூடாது' என்று கொட்டை எழுத்தில் போர்டு ஏறியது. ஏற்றினவர்களும் படித்துப் பார்க்கவில்லை, காத்துப் பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

மறுநாளே தாசில்தார் ஜீப்பில் பறந்து வந்தார். தேர்தலைப் புறக்கணிக்கிறீர்களாமே, என்ன குறை, பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்று வேர்க்க விறுவிறுக்க இறங்கினார். ராசபாண்டி நிமிர்ந்து போர்டைப் படித்தார், ஒரு நிமிஷம் திக்கென்றது, அடுத்த நிமிஷம் முகம் மலர்ந்துவிட்டது. தானாக வந்த சீதேவியைக் காலால் உதைப்பாரா? துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, ஆமாம் ஐயா, மனசு நொந்துபோய்த்தான் இந்த முடிவு என்று ஆரம்பித்து, தண்ணீர்த் தொட்டி, சுடுகாட்டுப் பாதை, நின்று போகிற பஸ் என்று அடுக்கினார். ஒவ்வொன்றுக்கும் மேலிடத்தில் சொல்கிறேன் என்ற தாசில்தார், கடைசியாக இந்த வண்டியை யாரும் தொடக் கூடாது என்றதும், அது தன் கைக்கு எட்டின காரியமாக இருந்ததால், சந்தோஷமாக ஒத்துக்கொண்டார். தேர்தல் முடிகிற வரைக்கும் வண்டி இருந்தபடியே இருக்கும், ஒரு போலீஸ்காரர் காவல் இருப்பார் என்று வாக்குக் கொடுத்தார். அப்படியே ஒரு சேரில் உட்கார்ந்தவர், டிரைவர் வந்து தட்டி எழுப்புகிற வரைக்கும் எழுந்திருக்கவில்லை.

இந்தக் கூத்தெல்லாம் நடக்கையில் லிங்கத்துரை ஊரிலேயே இல்லை. அவன் கோவில்பட்டியில் டயர்க் கடையில் நின்றுகொண்டிருந்தான். ராத்திரியெல்லாம் புரண்டு படுத்து யோசித்து, ஒட்டுப் போட விடாவிட்டால் போகட்டும், மாத்திவிடுவது என்ற முடிவுக்கு வந்திருந்தான். பிறந்ததிலிருந்து ஒன்றையும் மாத்தாதவன், புது டயர் கொடுங்க என்று சொல்வதற்குள் அவனுக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. வாங்கி, தோளில் மாலை மாதிரி மாட்டிக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கி, எல்லாரும் கேட்கிறாற்போலச் சொன்னான்: பழைய டயரை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், ஒட்டும் போட வேண்டாம், எனக்குப் புது டயரை மாட்டிக்கொண்டு போனால் போதும்.

ஊர் யோசித்தது. நியாயமாகத்தான் தெரிந்தது. ஆனால் மீரான், வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், இது ட்யூப் இல்லாத டயர், ரிம்மை விட்டுக் கழற்றினால் உள்ளே இருக்கிற காத்தெல்லாம் ஒரே மூச்சில் போய்விடும் என்று சொல்லிவிட்டான். அவ்வளவுதான், ஒட்டும் கிடையாது, மாத்தும் கிடையாது என்று ஆகிவிட்டது. போலீஸ்காரரும் எழுந்து, தேர்தல் முடியட்டும் அண்ணாச்சி என்று சொல்லி மறுபடி உட்கார்ந்துகொண்டார். பஸ்ஸில் போய்க் கூப்பிடலாமே என்று வெள்ளரிக்காய்க்காரி கேட்டாள். புது டயரில் வரச் சொன்னவளிடம் பஸ் டிக்கெட்டோடு போய் நிற்க அவனுக்கு முகமில்லை. புது டயரைக் கடைக்குள்ளே ஒரு ஆணியில் தொங்கவிட்டு, அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மாத்தவே மாட்டேன் என்றிருந்தவரைக்கும் மாத்து மாத்து என்று பிடுங்கினார்கள், மாத்துகிறேன் என்று வந்து நின்றால் மாத்தாதே என்கிறார்கள். விதி என்று ஒன்று இருந்தால் அதற்குச் சேட்டை அதிகம் என்று நினைத்துக்கொண்டான்.

தங்கப்புஷ்பம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தாள். அம்மா, தம்பி, சித்தி மகள், இன்னும் அக்கம்பக்கத்துப் பெண்கள் என்று ஒரு ஷேர் ஆட்டோ நிறைய, எல்லா ஊர்க்காரர்களும் வருகிற மாதிரி, காத்து வாங்க வந்தாள். வண்டிக்காரர் சம்சாரம் வந்திருக்காக என்று முன் வரிசையில் சேர் போட்டார்கள். அவள் உட்கார்ந்து, முந்தானையைத் தளர்த்தி, கண்ணை மூடினாள். முன்மயிர் பறந்தது. லிங்கத்துரை நிற்க நிழல் இல்லாமல் ரோட்டு ஓரத்து வெயிலில் நின்று அவளைப் பார்த்தான். மெலிந்துபோயிருந்தாள். தன்னைப் பார்க்க வந்தாளா, காத்துக்காகத்தான் வந்தாளா என்று தெரியாமல் அவனுக்குக் கை கால் ஓடவில்லை. ஓடிப் போய்க் கலர் வாங்கி வந்து நீட்டினான். அவள் வாங்கிப் பாதி குடித்துவிட்டு, மீதியை அவனிடமே நீட்டினாள். அவன் அதைக் குடிக்கையில்தான் அவள் கண் கடைக்குள்ளே தொங்குகிற டயரில் போய் நின்றது.

"அது யாருக்கு?"

"நமக்குத்தான். நீதான சொன்ன."

அவள் எழுந்து உள்ளே போய் டயரைத் தொட்டுப் பார்த்தாள், தொங்கினபடியே ஒரு சுற்றுச் சுற்றிவிட்டாள். இந்த மனுஷன் போய்ப் புதுசு ஒன்று வாங்கியிருக்கிறார் என்பதை அவளால் நம்பவே முடியவில்லை. உடைந்த சீப்பைச் சூடு வைத்து ஒட்டித் தலை சீவுகிறவர். இத்தனை நாள் பிடித்த வீம்பு அந்த இடத்திலேயே கரைந்து, இப்படி ஆக்கிவிட்டோமே என்று அவளுக்கு ஆகிவிட்டது. அதை வெளியே காட்டுவாளா? வாசலுக்கு வந்து மீரானைக் கூப்பிட்டாள்.

"மீரான் அண்ணே, வண்டிக்கு ஒரு ஒட்டப் போடுங்க. வீட்டுக்குப் போணும்."

போலீஸ்காரர் எழுந்தார், ராசபாண்டி துண்டை உதறினார். ஆனால் அவர்கள் வாயைத் திறப்பதற்குள் லிங்கத்துரை குறுக்கே பாய்ந்தான். ஒட்டா, என் வண்டிக்கா, நடக்கவே நடக்காது, மாத்தினால்தான் வண்டி இந்த இடத்தை விட்டு நகரும் என்றான். தங்கப்புஷ்பத்துக்குக் கோபம் வந்துவிட்டது. சும்மா கிடக்கிற டயரை எதுக்கு மாத்தணும், இன்னும் கொஞ்ச நாள் ஓடும், காசு என்ன மரத்திலயா காய்க்குது என்று கேட்டாள். ஒட்டுப் போட்டு ஒட்டுப் போட்டு என் மானம் போனது போதும் என்றான் அவன். இத்தனை வருஷமும் ஒட்டுப் போட்டுத்தானே குடும்பம் நடத்தினோம், இப்ப மட்டும் என்ன துரைக்குப் புதுப் பவிசு என்றாள் அவள். உனக்காகத்தான் புள்ள நான் கொள்கையை விட்டேன் என்றான். எனக்காகத்தான் விட்டீங்க, எனக்காகவே திரும்பப் பிடிங்க என்றாள்.

ஊர் அசந்துவிட்டது. அவன் பேச வேண்டியதை அவளும், அவள் பேச வேண்டியதை அவனும், இடம் மாறி உட்கார்ந்துகொண்டு பேசுகிற இந்தச் சண்டையை அந்த விலக்கு கண்டதில்லை. முதலில் முன்வரிசை சேரைத் திருப்பிப் போட்டது, அப்புறம் அடுத்த வரிசை, அப்புறம் மேலத்தெரு, கீழத்தெரு, போலீஸ்காரர், அத்தனை பேரும் வண்டிக்கு முதுகைக் காட்டி, கடை வாசலைப் பார்க்க உட்கார்ந்தார்கள். மாப்பிள்ளை சொல்றதுதான் சரி என்று மாமியாரே மகளுக்கு எதிராகக் கட்சி கட்டினாள். மீரான் ஊசியும் குறடும் கையில் வைத்துக்கொண்டு, யார் ஜெயித்தாலும் தனக்கு வேலைதான் என்று நின்றான்.

எப்போது நின்றது என்று யாருக்கும் தெரியாது. வெள்ளரிக்காய்க்காரிக்குத்தான் முதலில் கழுத்தில் வேர்த்தது. முந்தானையால் துடைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தவள் வண்டியைக் காட்டினாள். மஞ்சள் துணி அசையாமல் தொங்கியது. டயர், ஆணி ஏறின எந்த டயரையும் போல, சப்பென்று தரையோடு உட்கார்ந்திருந்தது.

கண்ணு பட்டுவிட்டது என்றார்கள். சாமிக்கு முதுகைக் காட்டினால் நிற்குமா என்றார்கள். புருஷன் பொண்டாட்டி சண்டையை வேடிக்கை பார்த்த பாவம் என்றார் ராசபாண்டி, அவரும்தான் பார்த்தார். அப்புறம் வெயில் பொறுக்காமல் ஆளுக்கொரு சேரைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு கிளம்பினார்கள். சாயங்காலமே, இப்படி ஒரு காத்து வந்ததாகச் சொல்கிறவர்களைப் பார்த்து, என்ன பெரிய காத்து, ஃபேன் காத்து மாதிரி வருமா என்று கேட்கிற அளவுக்கு ஊர் தேறிவிட்டது. பரோட்டாக் கடைக்காரன் அப்போதே ஒரு ஃபேனைத் தூக்கிக்கொண்டு வந்து, அண்ணாச்சி, கொஞ்சம் சுத்த மாட்டேங்கு, பாருங்க என்று வாசலில் வைத்தான்.

மீரான் மட்டும் போகாமல் நின்றான். ஒட்டா, மாத்தா, ஒரு முடிவு சொல்லுங்க என்று கேட்டான். ஒட்டு என்றாள் அவள், மாத்து என்றான் அவன், ரெண்டும் ஒரே மூச்சில் வந்தது. நாளைக்கு வாரேன் என்று மீரான் கடையைச் சாத்திவிட்டுப் போனான்.

விலக்கிலிருந்து வீடு கூப்பிடு தூரம்தான். லிங்கத்துரை வண்டியைத் தள்ளினான், தங்கப்புஷ்பம் ஒரு தோளில் புது டயரை மாட்டிக்கொண்டு பின்னாலிருந்து தள்ளினாள். பஞ்சரான வண்டி சண்டி மாடு மாதிரி கனக்கும், தெரிந்ததுதான். இருந்தாலும் இந்த அளவுக்குக் கனக்காது. அவள் மூச்சு வாங்கினாள், சேலையை இழுத்துச் சொருகினாள், மறுபடி தள்ளினாள். வண்டி அசைந்து அசைந்து போனது. ஹேண்டில்பாரில் அவன் வலது கையைப் பார்த்ததும் அவளுக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது.

"பிரேக்க விடுங்க," என்றாள். "நான் எங்கயும் போயிற மாட்டேன்."